'கடைசி விவசாயி'யும் பேராக்கின் பால்மரக் காடும்

திரைப்படத்தை இலக்கியத் திறனாய்வுக்கு உரிய பொருளாகக் கொள்ளத் தமிழாசிரியர் பலர் இன்றும் தயங்குவர். அத்தயக்கத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆயினும், உழவைப் பற்றி அண்மைக் காலத்தில் தமிழில் எழுதப்பட்ட நூல்கள் பலவற்றைவிட நுணுக்கமாக உழவைக் காட்டிய ஒரு படம் உண்டென்றால், அதைத் திறனாய்வாளர் ஒதுக்கிவிடுதல் முறையாகாது. மா. மணிகண்டன் எழுதி, ஒளிப்பதிவு செய்து, தயாரித்து இயக்கிய 'கடைசி விவசாயி' அத்தகைய படம். 2022ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளிவந்த இப்படம், 2023இல் அறிவிக்கப்பட்ட 69ஆம் இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தலைமைப் பாத்திரமான மாயாண்டியாக நடித்த நல்லாண்டி என்னும் முதியவருக்குச் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது. அவர் தொழில்முறை நடிகர் அல்லர். உசிலம்பட்டி வட்டாரத்தின் உழவர். படம் திரைக்கு வருமுன்பே அவர் காலமாகிவிட்டார். தம் முகத்தை வெள்ளித்திரையில் காணாமலே அவர் சென்றார் என்பது, படத்தின் தலைப்பிற்குத் தானாக வந்து சேர்ந்த ஓர் உரை போலத் தோன்றும்.

தலைப்பைப் பற்றி ஒரு சொல். 'கடைசி உழவன்' என்றிருந்தால் தூய தமிழாக இருந்திருக்கும் எனத் தமிழன்பர் கருதக்கூடும். மதுரைக்குத் தெற்கே கரிசல் நிலத்து மக்களோ உழவனைச் 'சம்சாரி' என்பர். குடும்பத்தோடு சேர்ந்தே உழவைக் கண்ட சொல் அது. இயக்குநர் அவ்விரண்டையும் விட்டு, அரசு அலுவலகத் தாளிலும் செய்தித்தாளிலும் வழங்கும் 'விவசாயி'யைத் தேர்ந்தார். கதையில் மாயாண்டி காவல் நிலையத்தின் தாளிலும் நீதிமன்றத்தின் தாளிலும் ஏறிவிடுகிறார் என்பதை நோக்க, இத்தேர்வு பொருந்தாதது என்று சொல்லிவிட இயலாது.

கதை சிறிது. ஊரின் பெருமரம் ஒன்று இடிவிழுந்து கருகுகிறது. குலதெய்வத்திற்கு நெடுநாளாகத் திருவிழா எடுக்காததே காரணம் என ஊரார் கருதுகின்றனர். திருவிழாவிற்கு அவ்வூர் மண்ணில் விளைந்த புதுநெல் படைக்கவேண்டும் என்பது மரபு. நெல்லுக்கு எங்கே போவது என்று தேடும்போதுதான், ஊரில் உழுபவர் ஒருவரே எஞ்சியிருக்கிறார் என்பது ஊருக்கே தெரியவருகிறது. ஏனையோர் நிலத்தை மனைத் தரகருக்கு விற்றுவிட்டனர். விற்ற பணத்தில் ஒருவன் யானை வாங்கி அதைக் காட்டிப் பிழைக்கிறான். எண்பது வயதைக் கடந்த, காது சரியாகக் கேளாத மாயாண்டி நெல் விதைக்கிறார். வயலருகே மயில்கள் செத்துக் கிடக்கின்றன. அவர் அவற்றைப் புதைக்கிறார். மயிலைக் கொன்றார் என்று பொய்வழக்குப் பாய்கிறது. சிறைக்காவலில் வைக்கப்பட்ட முதியவருக்கு வழக்கைப் பற்றிய கவலை இல்லை. தண்ணீர் காணாத பயிரைப் பற்றிய கவலையே மிகுதி.

இக்கதையை ஒப்பாரியாக மாற்றுவது எளிது. தமிழ்த் திரையுலகில் உழவனைப் பற்றிய படம் என்றால் வெடித்த நிலமும், தூக்குக் கயிறும், இறுதியில் கதாநாயகன் மேடையேறிச் செய்யும் சொற்பொழிவும் வந்துவிடும் என்பது ஏறத்தாழ ஒரு வாய்பாடாகிவிட்டது. மணிகண்டன் அவ்வாய்பாட்டைத் தொடவில்லை. மாயாண்டி ஏழை என்று நாம் இரங்குவதற்கு அவர் இடந்தருவதில்லை. அவருக்கு நிலம் இருக்கிறது, மாடுகள் இருக்கின்றன, செய்யவேண்டிய வேலை இருக்கிறது. காலையில் எழுகிறார், மாட்டை அவிழ்க்கிறார், வயலுக்கு நடக்கிறார், வாய்க்காலைத் திருப்புகிறார். படக்கருவி அவரோடு, அவர் நடக்கும் வேகத்திலேயே நடக்கிறது. முதல் அரைமணி நேரத்தில் 'ஒன்றும் நடக்கவில்லையே' எனச் சலித்துக்கொள்ளும் மாணாக்கர் இருப்பர். உண்மையில் அங்கே நடப்பது பெரிது. நாற்பது ஐம்பது ஆண்டுகளாக ஒரே செயலைச் செய்த உடலின் அறிவு அங்கே காட்சியாகிறது. எங்கே குனியவேண்டும், எப்போது நிற்கவேண்டும், எந்தச் செடியைத் தொடவேண்டும், எதை விட்டுவிடவேண்டும் என்பதை அந்தக் கைகள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நல்லாண்டி நடிக்கவில்லை என்று பலர் பாராட்டினர். அது அரைப் பாராட்டே. தாம் நாள்தோறும் செய்ததைப் படக்கருவி முன்னிலும் அதே அமைதியோடு செய்ய ஒருவரால் முடிந்தது என்றால், அதனையும் கலை என்றே கொள்ளவேண்டும்.

விதை பற்றிய காட்சி இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. கடையில் தரப்படும் தக்காளி விதையிலிருந்து வரும் பழத்தில் மறுவிளைச்சலுக்கு விதை இராது எனக் கேட்ட முதியவர் வியப்படைகிறார். அத்தகைய விதையைக் கண்டுபிடித்தவனுக்குப் பிறக்கும் பிள்ளையும் அதுபோலவே பிறந்தால் என்னாகும் என்று அவர் கேட்பது திரையரங்கில் சிரிப்பை எழுப்பியது. அந்த நகைச்சுவைக்குள் ஒரு நெடிய உலகப் பார்வை அடங்கியிருக்கிறது. வாங்கவேண்டிய பொருளாக விதையைக் காணும் கடைக்காரனுக்கும், தலைமுறையின் தொடர்ச்சியாக அதைக் காணும் முதியவருக்கும் இடையே உள்ள தொலைவை, அறிவியல் விளக்கம் எதுவுமின்றி, ஒரு வசவின் அளவிலேயே இயக்குநர் காட்டிவிடுகிறார்.

மயிலை அவர் கையாண்ட திறம் இதனினும் உயர்ந்தது. தமிழ் மரபில் மயில் முருகனின் ஊர்தி. இந்திய அரசு 1963இல் அதனைத் தேசியப் பறவையாக்கியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு உயர்ந்த காவலைத் தந்தது. பயிரிடும் உழவனுக்கோ அது விதையையும் கதிரையும் கொத்திச் செல்லும் விருந்தாளி. பக்தன், அரசு, உழவன் ஆகிய மூவர் கண்ணுக்கும் ஒரே பறவை மூன்றாகத் தெரிகிறது. முருகன் பெயரைச் சொல்லாத நாளில்லை என வாழும் முதியவர் மயிலைக் கொன்ற குற்றத்திற்காக நிற்கிறார். செத்த பறவையைப் புதைத்தது இரக்கமாகச் செய்த செயல். சட்டத்தின் கண்ணில் அதுவே சான்றை மறைத்த செயல். முரணை இவ்வளவு இயல்பாகப் பின்னிய திரைக்கதை தமிழில் அரிது.

நீதிமன்றக் காட்சிகளைப் பற்றி ஆசிரியர்கள் மாணாக்கரிடம் விரிவாகப் பேசலாம். அங்கே எவரும் கொடியவர் அல்லர். நீதிபதி மங்கையர்க்கரசி இரக்கம் உள்ளவர். வழக்கு பொய் என்பதும் அவருக்கு விளங்குகிறது. ஆனாலும் முறை என்று ஒன்று உண்டு. தாள் என்று ஒன்று உண்டு. தாளில் ஏறிய மனிதரைத் தாளிலிருந்து இறக்க நாளாகும். பயிர் அந்நாள்வரை காத்திராது. ஆகவே, முதியவர் காவலில் இருக்கும் வரை அவருடைய வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுமாறு காவலர் ஒருவருக்கு ஆணையிடப்படுகிறது. நிலத்துக்கு உரியவன் நாள்தோறும் சென்று பாராவிடில் நிலம் ஊடிவிடும் என்று வள்ளுவர் 'உழவு' அதிகாரத்தில் கூறிய கருத்தை வகுப்பில் விளக்கிச் சலித்த ஆசிரியருக்கு, இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்குமா? சீருடை அணிந்தவர் வரப்பில் நின்று விழிப்பதையும், உரியவர் கம்பிக்குப் பின்னால் அமர்ந்து வயலை நினைப்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அந்த ஊடல் வெறும் உவமை என்று தோன்றாது.

இப்படம் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தைப்பிங்கிலும் உள்ள தமிழர்க்குத் தனியானதோர் உணர்வைத் தருவது இயல்பே. 'இது நம் தோட்டத்தின் கதை' என்று சொல்லக் கேட்கலாம். லயம் இடிந்தது, பால்மரம் போயிற்று, செம்பனை வந்தது, கோயில் மட்டும் நின்றது என்னும் நினைவு படம் பார்க்கும்போது மேலெழுகிறது. அவ்வுணர்வு மதிக்கத்தக்கது. ஆனால் திறனாய்வு உணர்வோடு நின்றுவிடலாகாது. அக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்று நோக்கவேண்டும்.

மாயாண்டி உழுவது தம் நிலத்தை. எப்போது விதைப்பது, எதை விதைப்பது, விற்பதா வேண்டாவா என்பன அவர் முடிவுகள். தரகர் அவரிடம் கேட்கவேண்டியிருக்கிறது. அவர் மறுக்க முடிகிறது. பேராக்கின் பால்வெட்டுத் தொழிலாளிக்கு அந்த 'மறுப்பு' ஒருநாளும் கையில் இருந்ததில்லை. 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்டு வளர்த்த ரப்பர்க் கன்றுகளில் தொடங்கிய தொழில், அடுத்த நூற்றாண்டின் முதற் பகுதியில் கிந்தா, கோலகங்சார், பத்தாங் பாடாங், கீழ்ப்பேராக் மாவட்டங்களைத் தோட்டங்களால் நிறைத்தது. அதற்காகக் காடு அழித்தவர், கன்று நட்டவர், பால் எடுத்தவர் எல்லாரும் பெரும்பாலும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்த கூலிகள். விடியுமுன் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, கங்காணி காட்டிய நிரையில் நின்றனர். வெட்டிய மரம் அவர்களுடையதன்று; குடியிருந்த லயமும் அவர்களுடையதன்று. தோட்டம் கைமாறினால் வேலையும் வீடும் ஒரே நாளில் கைமாறும். 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது நேர்ந்தது இதுதான். சுங்கை சிப்புட்டின் மைந்தரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் மாதந்தோறும் பத்து வெள்ளி கட்டித் தோட்டத்தை அவர்களே வாங்கலாம் என்று வழிகாட்டியதன் பின்னணியும் இதுவே. தொழிலாளிக்கு நிலத்தில் பங்கு வேண்டும் என்ற எண்ணம் அன்று எவ்வளவு புதுமை என்பதை இன்றைய மாணாக்கர் உணர்வது கடினம்.

ஆகவே, உழவனின் இழப்பும் தோட்டத் தொழிலாளியின் இழப்பும் ஒன்றல்ல. நெருக்கமான படத்தைத் தேடுபவர் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'யை (2018) நாடவேண்டும். அதில் வரும் ரங்கசாமி நிலமற்ற சுமைதூக்கி. கையளவு நிலம் வாங்குவது அவன் வாழ்நாள் கனவு. மலையேறிச் சேர்த்த ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் உருண்டு சிதறும் காட்சியில் அக்கனவும் உருள்கிறது. பின்னர் எப்படியோ கிடைத்த நிலமும் கடனில் போய், அந்நிலத்தில் நட்ட காற்றாலைக்கே அவன் காவற்காரனாக அமர்ந்திருக்கும் இறுதிக் காட்சி, செம்பனைத் தோட்டத்து வாயிலில் காவற்காரராக அமர்ந்த முன்னாள் பால்வெட்டுக்காரரை அறிந்த பேராக் வாசகரின் நெஞ்சை நேரே தொடும். இந்தியில் பிமல் ராய் 1953இல் எடுத்த 'தோ பீகா ஜமீன்' தொடங்கி, நிலத்தைக் கடனுக்கு இழப்பவரின் கதை இந்தியத் திரையில் நீண்ட மரபுடையது. 'கடைசி விவசாயி' அம்மரபில் சேராது. அதில் எவரும் மாயாண்டியிடமிருந்து நிலத்தைப் பிடுங்கவில்லை. மற்றவர்கள் தாமாகவே உழவை விட்டுப் போயினர். கேட்க எளிதாயினும், துயரத்தில் இது குறைந்ததன்று.

எனினும் தோட்டத்து வாழ்வில் உழவே இல்லையென்று சொல்லிவிடவும் கூடாது. லயத்துக்குப் பின்னால் இருந்த கையகல நிலத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். முருங்கை, வெண்டை, கீரை, பாகற்கொடி. அவற்றுக்கு அடுத்து மாட்டுக் கொட்டில். மதியம் பால் நிறுத்தி வீடு திரும்பிய பின் பெண்கள் அங்கே மண்வெட்டி பிடித்தனர். விதை கடையில் வாங்கியதன்று. முற்றிய வெண்டையைக் கூரையோரம் கட்டித் தொங்கவிட்டு அடுத்த பருவத்துக்கு எடுத்துக்கொண்டனர். அண்டை வீட்டாரோடு மாற்றிக்கொண்டனர். தக்காளிக் காட்சியில் மாயாண்டி அடையும் வியப்பை அந்தப் பெண்கள் முழுதும் புரிந்துகொண்டிருப்பர். தோட்டம் விற்கப்பட்டு மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனபோது கூலி வேலை மட்டும் போகவில்லை. அந்தக் கையகல நிலமும் மாடும் விதையும் சேர்ந்தே போயின. நான்காம் மாடியில் மாட்டை எங்கே கட்டுவது? பேராக் தமிழரின் உண்மையான 'கடைசி விவசாயி' பால்வெட்டு நிரையில் இருந்தவர் அல்லர். லயத்துக் கொல்லையில் இருந்த பெண்ணே.

நீதிமன்றக் காட்சியும் இங்கு வேறோர் எதிரொலியை எழுப்புகிறது. தாளில் எழுதப்பட்டதே உண்மை என்னும் உலகத்தின் முன்னால் எழுத்தறியா முதியவர் நிற்பது, பேராக்கில் திரைக்கதை அன்று. இந்நாட்டிலேயே பிறந்து, அறுபது எழுபது ஆண்டு பால்வெட்டி, பிறப்புப் பத்திரம் இல்லாத ஒரே காரணத்தால் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்த தோட்டத்து மக்கள் உண்டு. 'எங்கே பிறந்தீர்?' என்று அலுவலகத்தில் கேட்டால், இடிந்துபோன லயத்தின் பெயரையும், இன்று வரைபடத்தில் இல்லாத தோட்டத்தின் பெயரையும் அவர்கள் சொல்வர். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இடையே, மாயாண்டிக்கும் நீதிபதிக்கும் இடையே இருந்த அதே தொலைவு.

மலேசியத் தமிழர் தம் கதையைத் தாமே படமாக எடுத்ததும் உண்டு. தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) 1960களின் தோட்டக் குடும்பத்தையும், மேற்படிப்பை விரும்பும் மகளையும் அமைதியாகக் காட்டியது. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் 1990களின் தொடக்கத்தில் புறம்போக்குக் குடியிருப்பில் எவ்வாறு சிதறின என்பதை அப்போய் என்னும் சிறுவன் வழியே கூறியது. 2016இல் 28ஆம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் விருதைப் பெற்ற படம் அது. அப்போயின் கற்பனைக்கு வீட்டில் அடி கிடைக்கிறது. பள்ளியிலும் அடியே கிடைக்கிறது. தமிழாசிரியர்க்கு அந்தப் பகுதி எளிதில் செரிக்காது; செரிக்கவும் கூடாது. எழுத்துலகில் அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' தோட்டத் துண்டாடலைத் தமிழக வாசகர்க்கும் எடுத்துச் சென்றது. மலேசிய எழுத்தாளர்களின் சிறுகதைகளிலோ தோட்டம் இல்லாத ஆண்டே இல்லை எனலாம்.

ஆயின், இவற்றையெல்லாம் ஒருசேர நினைத்தபின் 'கடைசி விவசாயி'யை மீண்டும் நோக்கினால் ஒரு குறை கண்ணில் படுகிறது. அது அப்படத்தின் குறையன்று, நம்முடையது. நம் படைப்புகளில் தோட்டத் தொழிலாளியின் துன்பம் இருக்கிறது, கங்காணியின் கொடுமை இருக்கிறது, கள்ளுக்கடை இருக்கிறது, வெளியேற்றம் இருக்கிறது. அவர் செய்த வேலை எங்கே இருக்கிறது? மணிகண்டன் உழவனை இரங்கத்தக்கவராகக் காட்டவில்லை. வேலை தெரிந்தவராகக் காட்டினார். அதே கண் பால்வெட்டின் மீது விழுந்ததுண்டா?

பால்வெட்டு எளிய வேலையன்று. மரத்தின் பால் நாளங்கள் நேர் செங்குத்தாக ஓடுவதில்லை. சற்றே சாய்ந்து சுற்றி ஏறுகின்றன. அதனால்தான் வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் ஓடவேண்டும். மாற்றிச் சாய்த்தால் அறுபடும் நாளம் குறையும், பாலும் குறையும். ஒவ்வொரு வெட்டிலும் சீவவேண்டிய பட்டை ஓரிரு மில்லிமீட்டர் கனமே. ஆழம் குறைந்தால் பால் வராது. மிகுந்தால் உளி உள்ளே இருக்கும் வளர்படலத்தைத் தொட்டு மரம் காயப்படும். காயம் பட்ட இடத்தில் பட்டை மேடுபள்ளமாக வளரும். பல ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மறுபட்டை வெட்டவரும் தொழிலாளி, முன்னவரின் கைத்தவற்றை உளியின் முனையிலேயே அறிவார். நாளங்களில் அழுத்தம் மிகுந்திருப்பது விடியலுக்கு முன்பு. வெயில் ஏறினால் ஒழுக்கு தளரும். ஆகவே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருளிலேயே வெட்டத் தொடங்கவேண்டும். ஒருவர் பங்கில் நானூறு ஐந்நூறு மரங்கள் நிற்கும். ஒரு மரத்துக்கு அரைநிமிடம்கூட இல்லை; அந்த நேரத்திற்குள் பழைய கோட்டுப்பாலை இழுத்தெடுத்து, பட்டையைச் சீவி, மங்கைத் துடைத்து வைத்து நகரவேண்டும். மழை பட்டையை நனைத்துவிட்டால் அன்றைய கூலிக்கும் ஆபத்து. பின்னர் ஒழுக்கு நின்றதும் அதே வழியில் திரும்பி மங்குகளைக் கவிழ்த்து, காண்டா வாளியில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுவர வேண்டும்.

இவ்வளவு கைத்திறமும் மரத்தறிவும் இரண்டு மூன்று தலைமுறை மக்களிடம் இருந்தன. இதைக் 'கூலி வேலை' என்று பெயரிட்டு முதலில் ஒதுக்கியவர் துரைமார். பின்னர், 'எங்கள் பிள்ளைகள் இதைச் செய்யக்கூடாது' என்ற நியாயமான வேட்கையால் ஒதுக்கியவர் நாமே. வேட்கை நியாயமானது என்பதில் ஐயமில்லை. அதனால் அந்த அறிவு அறிவாகாமல் போய்விடுமா? உழவனின் மாடும் ஏரும் தமிழ்க் கவிதையில் ஈராயிரம் ஆண்டு இருந்தன. ஆகையால் மணிகண்டனுக்குப் பின்னால் ஒரு பெரிய மொழி நின்றது. உளிக்கும் மங்குக்கும் பின்னால் நூற்றாண்டுக்குச் சற்றே கூடிய வரலாறுதான் உண்டு. அதுவும் பெரும்பாலும் கணக்கப்பிள்ளைமார் எழுதிய வரவேட்டில்.

'கடைசி விவசாயி' குறையில்லாத படம் என்பது இதன் பொருளன்று. விஜய் சேதுபதி ஏற்ற ராமையா என்னும் பாத்திரம் விவாதத்திற்குரியது. இறந்த காதலியைத் தன்னோடு இருப்பவளாகவே எண்ணி அவளுக்கும் சேர்த்து உணவு கேட்கும் அவன், முருகனைத் தேடி மலையேறி மறைகிறான். தனியாகப் பார்த்தால் அப்பகுதி அழகியது. ஆனால் மாயாண்டியின் நிலத்தில் ஊன்றிநிற்கும் கதையினின்று அது சற்றே மிதந்து நிற்கிறது. புகழ்பெற்ற நடிகருக்கென இடம் செய்யப்பட்டதோ என்ற ஐயத்தை முற்றும் விலக்க இயலவில்லை. யானைக்காரனாக வரும் யோகி பாபுவின் பகுதியோ அளவோடு நின்று, நிலம் விற்றவன் நிலையைச் சிரிப்பினூடே சொல்லிவிடுகிறது. திருவிழாவிற்காக ஊரின் பல பிரிவினரும் கூடவேண்டியிருப்பதைக் காட்டும் படம், அப்பிரிவுகளுக்கிடையே நெடுங்காலமாக நின்ற ஏற்றத்தாழ்வை ஆழத் தோண்டவில்லை. எல்லாவற்றினும் மேலாக, நடவும் களையெடுப்பும் தமிழகத்து வயல்களில் பெண்களின் கையால் நடப்பவை. இப்படத்திலோ உழவு ஏறத்தாழ முழுதும் ஒரு கிழவரின் தனிச்செயலாகிவிடுகிறது. நீதிபதி பெண்ணாக இருப்பது இக்குறையை ஈடுசெய்யாது. தோட்டத்தில் ஆணுக்கு நிகராக நிரை பிடித்த பெண்களின் பேரப்பிள்ளைகள் இதை எளிதில் கண்டுகொள்வர்.

பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல இன்றும் தோட்டப் பெயரையே தாங்கி நிற்கின்றன. தோட்டம் போய்விட்டது, பெயர் பலகையில் இருக்கிறது. இப்படத்தை அப்பள்ளிகளின் உயர்வகுப்புகளிலோ, ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலோ காட்டிப் பேசும்போது, நாற்றங்கால், வரப்பு, மடை, மரக்கால் ஆகிய சொற்களுக்குப் பொருள் கூறி நிறுத்திவிடுதல் போதாது. அச்சொற்களுக்கு அகராதி உண்டு. பிரட்டு, நிரை, மங்கு, காண்டா, கோட்டுப்பால், மறுபட்டை என்பவற்றுக்கு? மாணாக்கரை அவரவர் பாட்டியிடம் அனுப்பி, 'ஒரு மரத்தை எப்படி வெட்டுவீர்கள், முதலிலிருந்து சொல்லுங்கள்' என்று கேட்டு எழுதிவரச் செய்யலாம். 'எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள்' என்று கேட்டால் வழக்கமான விடையே வரும். எப்படி வெட்டுவீர்கள் என்று கேட்டால், பாட்டி எழுந்து நின்று, இல்லாத உளியைப் பிடித்து, இல்லாத மரத்தின் இடப்புறத்திலிருந்து தொடங்குவார்.